பொங்கின மாவின் எடை

ரொட்டிக்கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். நான் மெஷினை மிதிக்கிற வேகத்தை வைத்தே எனக்குக் கோபமா இல்லையா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் அவர்கள் அடுப்புச் சூடு சுவர் வழியாக என் பக்கம் வந்து சேரும். அதற்கு நான் வாடகை கொடுத்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை.

விடிவதற்கு முன்பே அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம் எழும்பும். தொப், தொப் என்று ரொட்டிக்காரர் மாவை மேசையில் அடித்துப் பிசைகிற சத்தம். எனக்கு அதுதான் கடிகாரம். அந்தச் சத்தம் ஒருநாள் நின்றுபோனது. அதற்குப் பிறகு பல மாதம் நான் நேரத்துக்கு எழுந்ததே கிடையாது.

ரொட்டிக்காரருக்குத் தெருவில் இன்னொரு பெயர் மூட்டை. ஆள் மூட்டை மாதிரி இருப்பார் என்பதால் இல்லை. மாவு லாரி வந்தால் தோளுக்கு ஒன்றாக இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு, வழியில் நிற்பவர்களிடம் கதையும் பேசிக்கொண்டு உள்ளே போவார். அதைவிட அவர் கை பெரிய கை. பிசைந்த மாவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளித் தராசில் எறிவார். முள் நேராகப் போய் நிற்கவேண்டிய கோட்டில் நிற்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. "தராசு எதுக்கு அப்போ?" என்று கேட்டால், "அதுக்கும் ஒரு வேலை வேணாமா, பாவம்" என்பார்.

அவர் மனைவி கல்லாவில் இருப்பாள். எல்லோருக்கும் அவள் கல்லாக்காரம்மா. எனக்கு வயதில் சின்னவள் என்பதால் நான் கல்லாக்காரி என்பேன். அவள் தம்பி கடையில் எடுபிடி வேலைக்கு இருந்தான். ரொட்டிக்காரர் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவே அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாண்டுகள்கூட, "மச்சான், ஒரு பன்னு" என்றுதான் கேட்கும்.

மாவுத் தூசி ரொட்டிக்காரரின் மூச்சைக் கெடுத்திருந்தது. இரைப்புக்காக வருஷக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். மூச்சைக் காப்பாற்றிய மாத்திரை சத்தமில்லாமல் எலும்பை மெலிய வைத்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? ஒரு காலையில் அரை மூட்டையைத்தான் தூக்கினார். தூக்கினவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த கல்லாக்காரிக்கு அந்தச் சத்தம் கேட்டதாம். ஈரக் குச்சி முறிகிற மாதிரி இருந்தது அக்கா என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு கண்ணி அமுங்கியிருந்தது.

"எலும்பு உள்ள ஓட்டை ஓட்டையா ஆயிடுச்சுங்க. சொன்னா கோவிச்சுக்காதீங்க, உங்க ரொட்டி மாதிரி."

"நல்ல ரொட்டின்னா அப்படித்தான் டாக்டர் இருக்கணும்" என்றாராம் இவர், படுத்த படுக்கையில். டாக்டர் சிரித்திருக்கிறார். கல்லாக்காரி சிரிக்கவில்லை.

மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், வலி அடங்கியது. அடங்கினதும் டாக்டர் உடற்பயிற்சி வகுப்புக்குச் சீட்டு எழுதினார். வெறும் மருந்து போதாது, எலும்புக்கும் வேலை கொடுக்கவேண்டும், வேலை இருந்தால்தான் அது கெட்டிப்படும் என்றார். கல்லாக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வேலை செஞ்சுதானே டாக்டர் உடைஞ்சுது?"

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கியிருக்கிறார். முறையில்லாமல் குனிந்து தூக்குவது வேறு, முறையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டுவது வேறு என்று. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மனசு ஆடவில்லை.

வகுப்பு ஆஸ்பத்திரி மாடியில், வாரம் ஒருமுறை. போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் பெண்கள். இவர் ஒருவர்தான் ஆம்பிளை. திரும்பி வந்தவர் என் கடை வாசலிலேயே நின்று புலம்பினார்.

"தையக்காரம்மா, மானம் போச்சு. இது பொம்பளைங்க வியாதியாம்."

"யாரு சொன்னா?"

"அங்க உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்தா தெரியலையா? எனக்கு முன்னாடி நிக்கிற அம்மாவுக்கு என் அம்மா வயசு. ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க, ஆடாம அசையாம. நான் நாற்காலியைப் பிடிச்சும் தள்ளாடுறேன். 'விழுந்துடாதே தம்பி'ன்னு அவங்க கையை நீட்டுறாங்க."

"தம்பின்னு கூப்பிட ஆள் கிடைச்சுதேன்னு சந்தோஷப்படுங்க."

கடைக்கு வருகிறவர்களிடம் அவர் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று கல்லாக்காரி சொல்லிவைத்தாள். அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ரொட்டி வாங்க வந்த ஓர் அம்மா, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உங்க வீட்டுக்காரர் இப்போ நல்லா குதிகால் தூக்குறார்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கினார். வாங்க வந்தவர்கள் யாரை எட்டிப் பார்க்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் நடுச் சுவரில் கையை ஊன்றி உடம்பைத் தள்ளித் தள்ளி நிமிர்ந்தார். என் பக்கத்து அலமாரியில் நூல்கண்டுகள் உருண்டன. நான் சுவரைத் தட்டி, "சுவரைக் கொஞ்சம் எனக்கும் மிச்சம் வைங்க" என்று கத்துவேன்.

வகுப்பெடுக்கிற பெண் ஒல்லியாக, குரல் மட்டும் கணீரென்று இருப்பாளாம். இவர் டீச்சரம்மா என்பார். வகுப்பில் நாற்காலி, சுவர், ரப்பர் பட்டை. எடை தூக்குவது வீட்டில். நிமிர்ந்து நின்று, கைக்கு ஒன்றாக எடுத்து, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கவேண்டும். அதற்கு இரும்பு வாங்குவானேன், மாவே இருக்கிறதே என்று இவருக்கு யோசனை. கெட்டித் துணியில், பிடி வைத்து, இரண்டு பை தைத்துக் கொடுத்தேன். கல்லாக்காரி மாவை நிறுத்துப் போட்டாள். நான் வாயைத் தைத்தேன்.

சில வாரம் போனதும் அவள் வந்தாள். "கொஞ்சம் பெரிசா தைக்கணுமாம் அக்கா. எடையைக் கூட்டச் சொல்லியிருக்காளாம்." தைத்தேன். இந்த முறை வாயையும் தானே தைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கொஞ்ச நாளில் இன்னும் பெரிது. அப்புறம் அதைவிடப் பெரிது. தலையணையில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. மனுஷன் அதை இரண்டு கையிலும் எடுத்து மேலும் கீழும் ஆட்டுகிறதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

"பார்த்தீங்களா? பூ மாதிரி இருக்கு" என்பார். முகத்தில் பழைய மூட்டை திரும்பிவந்திருந்தான்.

அவருக்கு அவசரமும் இருந்தது. அவர் இல்லாத நாளிலிருந்து மச்சான்தான் மாவு பிசைந்தான். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல? துணி துவைக்கத் தெரியாதவன் துவைக்கிற மாதிரி இருக்கும். அவனும் பாவம், அழாத குறையாகத்தான் பிசைந்தான். பெரிய கம்பெனியில் உருட்டி உறையவைத்த மாவே வண்டியில் வருகிறது, வாங்கிச் சுட்டால் போதும் என்று அக்கா காதில் ஓதிக்கொண்டிருந்தான். அவளுக்கும் சம்மதம். மேசையே இல்லையென்றால் புருஷன் மேசைப் பக்கம் போகமாட்டார் இல்லையா? கடைசியில் ரொட்டிக்காரரே ஒத்துக்கொண்டார். "இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள நான் மேசைக்கு வரேன். வரலேன்னா மேசையைத் தூக்கி வித்துடு மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலம் முடிகிற தறுவாயில் ஒரு மத்தியானம் மாவு லாரி வந்தது. வானம் இருண்டு கிடந்தது. டிரைவருக்கு இன்னும் பத்து இடம் போகவேண்டும். நடைபாதையில் இரண்டு மூட்டையைத் தள்ளிவிட்டுப் பறந்துவிட்டான். உள்ளே தூக்கிவைக்கிற மச்சான் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தான். முதல் துளி விழுந்தது.

கல்லாக்காரி வாசலுக்கு வந்தாள். அதற்கு முன்பே ரொட்டிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூட்டையின் காதைப் பிடித்திருந்தார்.

"விடுங்க! விடுங்கன்னு சொல்றேன்!"

"மாவு நனைஞ்சா குப்பையிலதான் போடணும். தள்ளு."

"உங்களால முடியாது."

"ஏன் முடியாது? தலையணை தலையணையா தூக்கலை? நீதான் பார்த்துக்கிட்டு நிக்கிறியே தினமும்."

"ஐயோ, அது தவிடுங்க!"

தெருவில் சைக்கிளில் போனவன்கூடத் திரும்பிப் பார்த்தான். ரொட்டிக்காரர் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்னது?"

"தவிடு. முதல் பை மட்டும்தான் மாவு. அப்புறம் பை பெரிசாக ஆக மாவை எடுத்துட்டு எடுத்துட்டுத் தவிட்டைப் போட்டேன். எடை கூடவே இல்ல."

மழை வலுத்தது. எனக்கு வந்ததே கோபம். "சண்டை அப்புறம் போடலாம், மாவு நனையுது!" என்று கத்திவிட்டு, என் வாசல் பந்தலுக்குப் போடுகிற தார்ப்பாயை இழுத்துவந்து மூட்டைகள்மேல் போர்த்தினேன். கத்தரிக்கோலும் என் கையில்தான் இருந்தது. மூட்டையின் வாயை வெட்டினேன். "பேசினை எடு. கொஞ்சம் கொஞ்சமா கொண்டுபோவோம்" என்றேன்.

ஆளுக்கு ஒரு பேசின். தார்ப்பாய்க்குள் கையை விட்டு அள்ளி, மேலே துணி மூடி, உள்ளே போய் மாவுத் தொட்டியில் கொட்டிவிட்டு வரவேண்டும். அந்த இரண்டு மூட்டையும் காலியாகிற வரைக்கும் புருஷனும் பெண்சாதியும் போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"எத்தனை மாசமா?" இது அவர், பேசினை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போகும்போது.

"எண்ணிப் பார்க்கலை." இது அவள், வெளியே வரும்போது.

"டீச்சரம்மா கூட்டச் சொன்னா. நீ குறைச்சிருக்கே."

"அவ அந்தச் சத்தத்தைக் கேட்டாளா? நான் கேட்டேன். தூங்கினாலும் கேட்குது."

அடுத்த நடை.

"நீ என்னைக் காப்பாத்தலைடி. ஏமாத்தினே."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இப்போ சொல்லலைன்னா நான் மூட்டையைத் தூக்கியிருப்பேன். இன்னொரு எலும்பு போயிருக்கும். உன்னாலதான் போயிருக்கும்."

அவள் பேசினோடு மழையில் நின்றுவிட்டாள். "அதான் சொன்னேனே" என்றாள். அழுகிறாளா மழையா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். நான் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினேன், மாவு நனைகிறதே.

எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் மேலெல்லாம் மாவும் தண்ணியுமாக, பசை தடவின மாதிரி நின்றோம். ரொட்டிக்காரர் நேரே போய்ப் பைகளில் ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தார். முள் கொஞ்சம் ஏறி, ஏற மனமில்லாமல் நின்றது. முதல் நாள் நான் தைத்த சின்னப் பையின் எடையை ஒட்டித்தான் இருந்தது.

"பொங்கின மாவு பார்க்கப் பெரிசா இருக்கும், எடை கூடாது. வர்றவன் போறவனுக்கெல்லாம் இதைச் சொல்லிக் குடுத்தவன் நான்" என்றார். "என் கைக்கு ஏன் தெரியலை தையக்காரம்மா?"

பையைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டு அவரே சொன்னார்.

"கைக்குத் தெரிஞ்சிருக்கும். நான்தான் கேட்கலை. எனக்குப் பலம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

பைகளை மூலையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மறுநாள் குதிகால் தூக்கவில்லை. சுவரில் கைவைக்கவில்லை. என் நூல்கண்டுகள் நிம்மதியாக இருந்தன, நான்தான் இல்லை. மச்சான் வீங்கின கன்னத்தோடு வந்து மேசையை அளந்து பார்த்தான். விற்பதற்காம். அவனைக் கத்தரிக்கோலைக் காட்டித் துரத்தினேன். வகுப்பு நாள் வந்தது. ரொட்டிக்காரர் போகவில்லை.

கல்லாக்காரி போனாள். கல்லாவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், அங்கே எல்லோர் முன்னாலும் நடந்ததை ஒப்பித்திருக்கிறாள். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பழைய ரொட்டி ஓரத்தை வாட்டி வெண்ணெய் தடவி, டீயோடு வைத்தேன்.

"டீச்சரம்மா திட்டினாளா?"

"திட்டலை அக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு அம்மா, 'எங்க வீட்டுல என் பொண்ணு தண்ணிக் குடத்தையே பூட்டி வைக்கிறா'ன்னு சொன்னாங்க. அப்புறம் டீச்சரம்மா என்னையும் நிக்க வெச்சுக் குதிகால் தூக்கச் சொன்னா. தூக்கினேன். தொடை இன்னும் நடுங்குது."

"நல்லா வேணும்."

"கேளுங்க. அன்னிக்கு மழையில எப்படித் தூக்கினார்னு கேட்டா. பேசினை மார்போட ஒட்டி, முதுகு வளையாம, முட்டியை மடக்கி எடுத்தாரான்னு. ஆமா, அப்படித்தான் எடுத்தார். சண்டை போட்டுக்கிட்டே அப்படித்தான் எடுத்தார். அப்புறம் வலிச்சுதான்னும் கேட்டா. இல்லை. அப்போ பேசின்ல எவ்வளவு இருந்ததுன்னு கேட்டா."

"எவ்வளவு?"

"தெரியலையே" என்று எழுந்தாள். டீயைக் குடிக்கவில்லை.

அன்று மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அதே பேசினை எடுத்து அதே அளவுக்கு மாவை அள்ளினாள். மாடியைப் பார்த்து, "கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிட்டாள். நானும் போய் நின்றேன், கூப்பிடாவிட்டாலும்.

"எதுக்கு?"

"மாவுதான். நீங்களே தொட்டுப் பாருங்க. தவிடு இல்லை."

அவர் விரலால் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். அவ்வளவு நம்பிக்கை! அவள் பேசினைத் தராசில் வைத்தாள். முள் ஓடியது. அந்தத் தலையணைப் பைகள் இரண்டையும் சேர்த்து வைத்தாலும் போகாத இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"இதைத்தான் அன்னிக்குத் தூக்கினீங்க. ஒரு தடவையா? மூட்டை காலியாகிற வரைக்கும்" என்றாள். "பையிலதான் நான் பொய் வெச்சேன். பேசின்ல வைக்கலை."

ரொட்டிக்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வகுப்புக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். மூட்டை என்ற பேச்சே இனிக் கிடையாது என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாவு பிசைவதைப் பற்றிக் கேட்டபோது மேசை எவ்வளவு உயரம் என்று கேட்டாளாம். கை வைத்துக் காட்டினார். "இவ்வளவு வருஷமா கூன் போட்டுக்கிட்டா பிசைஞ்சீங்க?" என்றாளாம். அது அவருடைய அப்பா வைத்த மேசை. அப்பா குட்டையான ஆள். அதை உயர்த்தலாம் என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான்.

மேசையின் நாலு காலுக்கும் கீழே மச்சான் மரக்கட்டை வைத்தான். விற்க அளந்த அதே நாடாவால் அளந்துதான் வைத்தான். ரொட்டிக்காரர் நிமிர்ந்து நின்று, மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, சின்ன உருண்டையாக ஒன்றைப் பிசைந்தார். மீதியை மச்சான் பிசைந்தான். வாரம் போகப் போக அவர் உருண்டை கொஞ்சம் பெரிசானது. மழைக்காலம் முடிந்தது, மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. சுவருக்குப் பின்னால் தொப், தொப். பழைய மாதிரி அதிரவில்லை, நிதானமாக இருந்தது. எனக்கு அது போதும். நேரத்துக்கு எழுந்துவிடுகிறேன்.

போன வாரம் பையின் எடையைக் கூட்டவேண்டி வந்தது. புதுப் பை தைத்து எடுத்துப்போனேன். கல்லாக்காரி எங்கள் கண் முன்னாலேயே தராசில் நிறுத்து, பையில் கொட்டி, கையால் தட்டிச் சமன் செய்தாள். நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் தைப்பதற்கு முன் அவர் பையைக் கையில் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு பிடி குறையுது."

"நிறுத்துத்தானே போட்டேன்! அக்கா பார்த்தாங்க."

"நிறுத்தே. அப்புறம் குறைஞ்சுது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன். அவள் மெதுவாக ஏப்ரன் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். மூடியிருந்த விரல்களை மாவுப் பைக்குள் விட்டுத் திறந்தாள். மாவு விழுந்தது.

அவர் மறுபடியும் தூக்கிப் பார்த்தார். "இப்போ சரி" என்றார்.

தராசில் வைத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பையை என் பக்கம் நீட்டினாள். நான் வாயைத் தைத்தேன்.